அந்த மிக்ஸியை யார் காசில் வாங்கினார்கள்?

ஒரு பொருளைச் சோதித்துப் பார்த்தோம் என்று யார் சொன்னாலும், அவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பொருள் அவர் கைக்கு எப்படி வந்தது என்றுதான் நான் தேடுவேன். கடையில் பில் போட்டு வாங்கினாரா, கம்பெனி அனுப்பி வைத்ததா? கம்பெனி அனுப்பியது என்றால், சோதனை எவ்வளவு கவனமாக நடந்திருந்தாலும், நாம் கடையில் வாங்கப்போகும் பொருளைப் பற்றி அது பாதிதான் சொல்லும். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவரும் ஆயிரம் மிக்ஸிகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஒன்றில் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இன்னொன்றில் பிளேடு இம்மி சாய்ந்திருக்கும். விமர்சகருக்கு அனுப்பப் பொருள் எடுக்கிறவர் ஓட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கித்தான் எடுப்பார். அவர் வேலையே அதுதான்.

அப்புறம், இலவசமாக வந்த பொருளைப் பற்றி மோசமாக எழுதினால் அடுத்த பொருள் வராது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை, இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இணையத்தில் குவிந்து கிடக்கும் ‘சிறந்த 10 மிக்ஸிகள்’ பட்டியல்களில் நிலைமை இன்னும் மோசம், எழுதியவர் அதில் ஒரு மூடி தேங்காய்கூட அரைத்துப் பார்த்திருக்க மாட்டார். வாட்ஸ், ஜார் எண்ணிக்கை, வாரண்டி என்று பெட்டியில் அச்சடித்ததையே திருப்பி எழுதி, கீழே வாங்குவதற்கு லிங்க் கொடுத்திருப்பார், அதை அழுத்தி வாங்கினால் அவருக்குக் கமிஷன். கமிஷன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் ‘இந்தப் பத்தில் எதையும் வாங்காதீர்கள், வீட்டில் இருக்கும் பழைய மிக்ஸிக்கு பிளேடு மாற்றினால் போதும்’ என்று எழுதினால் கிடைக்கும் வருமானம் பூஜ்யம், அதனால் அப்படி எழுத ஆளில்லை. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசுபவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்தியாவில் 2022 ஜூனிலும் 2023 ஜனவரியிலும் அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனாலும் வாங்கியதைச் சொல்லிவிட்டதால் மட்டும் ஒரு சோதனை நடுநிலையாகிவிடாது.

இதற்கான தீர்வு கிட்டத்தட்ட 90 வருஷம் பழையது. அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் ரிசர்ச் என்று ஒரு அமைப்பு பொருட்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தது. 1935-ல் அங்கே தொழிற்சங்கம் தொடங்கிய ஊழியர்களை நிர்வாகம் வேலையை விட்டு அனுப்ப, வேலைநிறுத்தம் வெடித்து, அதிலிருந்து வெளியே வந்தவர்கள் 1936-ல் கன்ஸ்யூமர்ஸ் யூனியனைத் தொடங்கினார்கள். இன்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று அறியப்படுவது அதுதான். முதல் இதழ் அந்த வருஷம் மே மாதம் வந்தது, பால், சோப்பு, காலுறை மாதிரி அன்றாடப் பொருட்களைப் பற்றி. அவர்கள் போட்டுக்கொண்ட விதிகள் எளிமையானவை: விளம்பரம் வாங்குவதில்லை, இலவசப் பொருள் வாங்குவதில்லை, கடைக்கு ஆளனுப்பி யார் என்று சொல்லாமல் சாதாரண வாடிக்கையாளரைப் போல விலை கொடுத்து வாங்குவது. பல பத்திரிகைகள் இவர்களுடைய சந்தா விளம்பரத்தைப் போடவே மறுத்தன. அந்தப் பத்திரிகைகள் யாருடைய விளம்பரக் காசில் ஓடின என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். இன்றைக்கும் அவர்கள் சோதிக்கும் கார்களை டீலரிடம் போய்ப் பெயர் சொல்லாமல்தான் வாங்குகிறார்கள், கனெக்டிகட்டில் 327 ஏக்கரில் சொந்தச் சோதனைத் தளம் வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1957-ல் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் ஒரு கார் ஷெட்டிலிருந்து ‘விச்?’ பத்திரிகை வந்தது, முதல் இதழிலேயே மின்சாரக் கெட்டில்களைச் சோதித்திருந்தார்கள். ஜெர்மனியில் 1964-ல் அரசே முன்கை எடுத்து ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அறக்கட்டளையை அமைத்தது. எனக்கு இந்த மூன்றில் அதிகம் பிடித்தது ஜெர்மன்காரர்களின் முறைதான், ஏனென்றால் அவர்கள் கம்பெனிகளை ஒதுக்கி வைப்பதும் இல்லை, அவர்கள் சொன்னபடி ஆடுவதும் இல்லை. சோதனை தொடங்குவதற்கு முன் என்னென்ன அளக்கப்போகிறோம் என்பதை ஒரு ஆலோசனைக் குழுவில் வைத்துப் பேசுகிறார்கள், அதில் தயாரிப்பாளர் தரப்புக்கும் இடம் உண்டு. பொருளைக் கடையிலிருந்து பெயர் சொல்லாமல் வாங்கி, வெளி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அளந்து வந்த எண்களை வெளியிடுவதற்கு முன்னால் அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்பி, தவறு இருந்தால் சொல்லச் சொல்கிறார்கள், ஆனால் மதிப்பீட்டை அனுப்புவதில்லை. எண் வேறு, தீர்ப்பு வேறு. எண்ணைப் பற்றி வாதாட எல்லோருக்கும் உரிமை உண்டு, தீர்ப்பு சோதித்தவருடையது.

இன்னொன்றும் அவர்களிடம் உண்டு. ஒரு டிரில் துளை போடுவதில் 100-க்கு 95 வாங்கி, மின்காப்பில் தோற்றுப்போனால் என்ன செய்வது? எல்லா மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது நல்ல டிரில் மாதிரியே தெரியும், கையில் ஷாக் அடிக்கும் டிரில். அதனால் பாதுகாப்பு மாதிரி முக்கியமான ஒன்றில் மோசமாக இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்த மதிப்பெண் அதற்குமேல் போகாதபடி கீழே இழுத்துவிடுகிறார்கள். நம்மூர் பட்டியல்களில் நட்சத்திரங்களைக் கூட்டிச் சராசரி எடுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதிதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, பொருளைக் காசு கொடுத்து வாங்கியாச்சு. எதை அளப்பது? பெரும்பாலான சோதனைகள் சறுக்குவது இங்கேதான்.

எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் விற்பவர்கள் ஒரு டெமோ காட்டுவார்கள்: சுழலும் இரும்பு வளையத்தின்மேல் ஒரு பேரிங்கை நெம்புகோலால் அழுத்தி, சாதாரண ஆயிலில் அது கிறீச்சிட்டு நின்றுபோவதையும், அவர்கள் திரவத்தை ஊற்றியதும் வழுக்கிக்கொண்டு ஓடுவதையும் காட்டுவார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் அப்படி வேலை செய்வதில்லை, அங்கே சுழற்சியின் வேகத்திலேயே ஆயில் ஒரு மெல்லிய படலமாகி உலோகத்தை உலோகத்திலிருந்து தூக்கிப் பிடிக்கிறது, இரண்டும் பெரும்பாலான நேரம் தொட்டுக்கொள்வதே இல்லை. வளையச் சோதனை அளப்பது உலோகமும் உலோகமும் அதீத அழுத்தத்தில் உரசும் நிலையை. அந்த நிலையில் குளோரின் கலந்த சேர்மங்கள் நன்றாகவே மதிப்பெண் வாங்கும், எஞ்சினுக்குள் போனால் அதே குளோரின் அரிப்பை உண்டாக்கலாம். சோதனை பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை, கேள்விதான் தப்பு.

இதற்குப் பக்கத்தில் நோவாக் சோதனையை வைத்துப் பாருங்கள். ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கி, எடையில் எத்தனை சதவீதம் ஆவியாகிப் போனது என்று பார்ப்பார்கள். பார்க்க சுவாரசியமே இல்லாத சோதனை. ஆனால் இது உண்மையான ஓட்டத்தோடு தொடர்புள்ளது, ஆவியாகிற ஆயில் அளவில் குறைகிறது, மிச்சமிருப்பது கெட்டியாகிறது. கார் கம்பெனிகள் சேர்ந்து வகுக்கும் இன்றைய ஐஎல்எஸ்ஏசி ஆயில் தரங்கள் இந்த இழப்பு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. இரண்டு ஆயிலை ஒப்பிட வேண்டுமென்றால் நான் கேட்பது இந்த எண்ணையும் குளிரில் எப்படி ஓடுகிறது என்பதையும்தான், வழுக்கும் டெமோவை இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களுக்கும் இதே கதைதான். கார்ட்லெஸ் டிரில்களில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று ஒன்றும், ‘18 வோல்ட்’ என்று ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வாங்குபவர் 20 பெரிது என்று நினைப்பார். இரண்டிலும் உள்ளே இருப்பது வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் அயான் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், கூட்டினால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறியதும் லோடு இல்லாமல் அளந்தால் 20 காட்டும், டிரிகரை அழுத்தி வேலை தொடங்கியதும் கீழே இறங்கிவிடும். இதை உடைக்க ஆய்வகம் தேவையில்லை, ஒரே மரக்கட்டையில் ஒரே அளவு பிட்டை வைத்து, ஒரு சார்ஜுக்கு எத்தனை துளை என்று எண்ணினால் போதும். அமெரிக்காவில் ப்ராஜெக்ட் ஃபார்ம் என்ற யூடியூப் சேனல் இதை வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறது, ஸ்பான்சர் இல்லாமல் எல்லாப் பொருளையும் சொந்தக் காசில் வாங்கி, ஒரே மாதிரி சோதித்து, எண்களை அட்டவணையாகத் திரையில் வைத்துவிடுவார். சுற்றி வளைத்துப் பேச்சு கிடையாது. மிகவும் மரியாதைக்குரிய வேலை.

சீலிங் ஃபேனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் போட்டது சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஒரு ஃபேனில் கிட்டத்தட்ட 200 யூனிட் மிச்சம், இது விளையாட்டான தொகை இல்லை. ஆனால் வாட்டை மட்டும் ஒப்பிடுவது அரைகுறை, காற்றைக் குறைத்துவிட்டு மின்சாரத்தைக் குறைப்பதில் என்ன இருக்கிறது. அதனால்தான் ஃபேனுக்கு ‘சர்வீஸ் வேல்யூ’ என்று ஒன்றைப் பார்க்கிறார்கள், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றை நகர்த்துகிறது என்பதை வாட்டால் வகுத்து வருவது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம், அந்த நட்சத்திரம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மே மாத மத்தியானத்தில் நமக்கு வேண்டியது என்னவோ அதை அளக்கும் எண் இது.

அடுத்த சிக்கல், ஒன்றை வைத்து ஒன்பதைச் சொல்ல முடியுமா என்பது. ஒரு பிராண்டில் பத்துக்கு ஒரு டிரில் சீக்கிரமே பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம், வாங்குபவருக்கு அது மோசமான விகிதம். சோதிக்கிறவர் ஒன்றே ஒன்று வாங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நல்லதுதான் கையில் வரும். மூன்று வாங்கினாலும் நூற்றுக்கு 73 தடவை மூன்றுமே நல்லதாக இருக்கும். ஆகவே ‘எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது’ என்பதைச் சில பொருட்களை வைத்துச் சொல்லலாம், ‘எத்தனை வருஷம் உழைக்கும்’ என்பதைச் சொல்ல முடியாது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இந்த இரண்டாவது கேள்விக்கு ஆய்வகத்தை நம்புவதில்லை, ஒவ்வொரு வருஷமும் உறுப்பினர்களிடம் லட்சக்கணக்கான கார்களைப் பற்றிக் கேட்டு, எது எத்தனை தடவை ஒர்க்‌ஷாப் போனது என்று தொகுக்கிறது. யூடியூபில் ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு ‘இது பத்து வருஷம் தாங்கும்’ என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்தை மட்டும் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேட்கலாம்.

சுயேச்சையாகச் சோதிக்கிறவர்களும் தப்புப் பண்ணுவார்கள். 2007-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் காரில் பொருத்தும் 12 குழந்தை இருக்கைகளைச் சோதித்து, பெரும்பாலானவை படுமோசம் என்று அறிவித்தது. பெற்றோர்கள் பதறிப்போனார்கள். பக்கவாட்டு மோதலை மணிக்கு 38 மைல் வேக மோதலுக்குச் சமமாக வைத்துச் சோதித்ததாகச் சோதித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சரிபார்த்தபோது, வெளி ஆய்வகத்தில் நடந்த அந்தச் சோதனை சுமார் 70 மைல் வேக மோதலின் கடுமைக்கு இணையாக இருந்தது தெரியவந்தது. கட்டுரை வெளியாகி இரண்டு வாரத்துக்குள் முழுசாகத் திரும்பப் பெற்றார்கள், எங்கே தவறு நடந்தது என்று வெளி நிபுணர்களை வைத்து ஆராய்ந்து அதையும் வெளியிட்டார்கள். அந்தத் தவறைப் பிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், எந்த வேகத்தில் சோதித்தோம் என்று சொல்லியிருந்ததுதான். முறையைச் சொல்லாத பட்டியலில் தவறே கண்டுபிடிக்க முடியாது.

சுஸுகி சாமுராய் வழக்கு இதைவிடச் சிக்கலானது. 1988-ல் அந்தச் சின்ன ஜீப் சட்டென்று வளைத்துத் திருப்பினால் கவிழும் அபாயம் உள்ளது என்று சொல்லி ‘ஏற்க முடியாதது’ என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மதிப்பிட்டது. சுஸுகி 1996-ல் வழக்குப் போட்டது. வழக்கமான பாதையில் வண்டி கவிழாமல் போய்விட்டது, அதற்கப்புறம் பாதையை மாற்றித்தான் சக்கரங்களைத் தூக்க வைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். சோதித்தவர்கள் தரப்பில், ஓட்டிப் பார்த்தபோது தெரிந்த அபாயத்தை இன்னும் உற்றுப் பார்க்கத்தான் பாதையை மாற்றினோம் என்றார்கள். 2004-ல் பணம் எதுவும் கைமாறாமல் சமரசத்தில் முடிந்தது. சோதித்தவர்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாதையை நடுவில் மாற்றியது எட்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக நின்றது, முறையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏறுவது எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது. ஜெர்மனியில் 2013-ல் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் ரிட்டர் ஸ்போர்ட் சாக்லெட் ஒன்றில் இயற்கை மணமூட்டி என்று போட்டிருப்பது உண்மையில்லை என்று சொல்லி மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்து, 2014-ல் மியூனிக் நீதிமன்றங்கள் இரண்டிலும் தோற்றது. அந்த மணமூட்டி செயற்கையாகத் தயாரித்ததுதான் என்று காட்ட அவர்களிடம் ஆதாரம் போதவில்லை.

இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். 2014 ஜனவரியில் கார்களை மோத வைத்துச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே விற்கும் ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத வைத்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் உள்ள போலோ மட்டும் தனியாக மோதியபோது நான்கு வாங்கியது, ஃபோக்ஸ்வேகன் ஏர்பேக் இல்லாத போலோவின் விற்பனையையே நிறுத்தியது. அதே காரின் இரண்டு வடிவத்தையும் மோத வைத்ததுதான் இதில் சிறப்பு, ஏர்பேக்கின் விலை எவ்வளவு, அது இல்லாததன் விலை எவ்வளவு என்று வாங்குபவர் நேரடியாகப் பார்த்துவிட்டார். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் தயாரான கார் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நட்சத்திரம் விளம்பரத்தில் ஏறிவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து இந்திய அரசின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஆனால் காரைச் சோதனைக்குக் கொண்டுவருவது கம்பெனியின் விருப்பம். தோற்கும் என்று தெரிந்த காரை யார் கொண்டுவருவார்கள் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. நட்சத்திரமே இல்லாத காரையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு டீலரிடம் கேட்க வேண்டும்.

தேன் விஷயமும் இந்த வகைதான். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் 13 பிராண்ட் தேனை ஜெர்மனியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) முறையில் சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக முடிவு வந்தது. கம்பெனிகள் மறுத்தன. இந்தியாவின் வழக்கமான சோதனைகளில் அவற்றில் பல தேறியிருந்தன, ஏனென்றால் அந்தச் சோதனைகள் தெரிந்த சில வகைச் சர்க்கரையைத்தான் தேடும், அவற்றுக்கு அகப்படாதபடி செய்த பாகு வந்தால் தெரியாது. மறுபடியும் அதே கேள்விதான், எதை அளந்தோம்?

அகமதாபாத்தில் 1978-ல் தொடங்கிய சிஇஆர்சி என்ற நுகர்வோர் அமைப்பு சொந்த ஆய்வகம் வைத்து ஒப்பீட்டுச் சோதனைகள் செய்திருக்கிறது, டெல்லியில் 1983-ல் தொடங்கிய கன்ஸ்யூமர் வாய்ஸும் அரசு உதவியோடு செய்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அவற்றைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனோம்? சந்தா கட்டிப் படிப்பவர்கள் குறைவு, அதனால் சோதனைக்குப் பணம் குறைவு, அதனால் நம் சமையலறைக்குள்ளே இருப்பவற்றில் பலவற்றை யாரும் ஒழுங்காக அளந்ததே இல்லை.

வெட் கிரைண்டரையே பாருங்கள். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, ஆனால் டில்டிங், டேபிள் டாப், இரண்டு கல், மூன்று கல் என்று இருப்பதில் எது எதற்கு நல்லது என்று நம்பும்படி ஒரு ஒப்பீடு கிடைப்பதில்லை. வெளிநாட்டு அமைப்பு எதுவும் இதைச் செய்யாது, உளுந்து ஆட்டினால் மாவு எவ்வளவு காண வேண்டும் என்ற கேள்வியே அவர்களிடம் கிடையாது. நாம்தான் செய்ய வேண்டும், செய்யவும் முடியும். எல்லாக் கிரைண்டருக்கும் ஒரே மூட்டை உளுந்து வேண்டும், புது உளுந்துக்கும் பழைய உளுந்துக்கும் மாவு காண்பதில் வித்தியாசம் இருக்கும் என்பதால். ஒரே அளவு நேரம் ஊறவைத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, 100 கிராம் உளுந்துக்கு எத்தனை மில்லிலிட்டர் மாவு வந்தது, ஆட்டி முடித்தபோது மாவின் சூடு எத்தனை டிகிரி ஏறியது, மீட்டரில் எவ்வளவு மின்சாரம் ஓடியது, எத்தனை டெசிபல் சத்தம், நடுத் தண்டு வழியாக மாவு கசிந்ததா, கழுவ எத்தனை நிமிஷம் ஆனது என்று குறிக்க வேண்டும். மாவு அதிகமாகச் சூடேறினால் புளிக்கும் விதம் மாறும், இட்லியில் தெரியும். கடைசியில் எந்த இட்லி எந்தக் கிரைண்டர் மாவில் வந்தது என்று சொல்லாமல் பரிமாறி மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும், பரிமாறுகிறவருக்கும் தெரியக்கூடாது.

எட்டு மாடல், ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தம் 24 கிரைண்டர், வெவ்வேறு ஊர்க் கடைகளில் பில் போட்டு வாங்க வேண்டும். ஒன்று சுமார் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய், 1,200 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் வந்துவிடும். ஆய்வகச் செலவு தனி. சோதித்து முடித்ததும் கிரைண்டர்களைப் பணம் போட்டவர்களுக்கே பழைய விலைக்குக் கொடுத்துவிடலாம், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸும் சோதித்த கார்களை விற்றுத்தான் ஒரு பகுதிப் பணத்தைத் திரும்ப எடுக்கிறது.